புன்னைமூட்டுக்குக் கிழக்கே நாற்பது மீட்டர்

சத்தியபாயைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம். ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு ஒருத்தனும் எழுதப்போவதில்லை. செம்பாக்குளத்து வேலையைப் பற்றிக் கம்பெனி வழவழத் தாளில் ஒரு புத்தகம் அடித்திருக்கிறது. அதில் குளம் இருக்கிறது, கொக்கு இருக்கிறது, மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு இருக்கிறார். ஒன்பது மாதம் அந்த நாற்றத் தண்ணீரில் கழுத்தளவு நின்றவளின் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை.

என் பெயர் கோலப்பன். வீடு சுசீந்திரத்தில். இருபத்தைந்து வருஷமாக ஒப்பந்தக் கம்பெனிகளில் சைட் சூப்பர்வைசர். மதகு, பாலம், குளக்கரை என்று இந்த மாவட்டத்தில் நான் நிற்காத சேறு இல்லை. ஜனங்கள் ஓவர்சியர் சார் என்று கூப்பிடுவார்கள். நான் ஓவர்சியர் இல்லை. ஆனாலும் ஒருநாளும் திருத்தியதில்லை. என் குணம் உங்களுக்கு இதிலேயே பிடிபட்டிருக்கும்.

செம்பாக்குளம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். அதன் வடகரையில் பழைய பேட்டரி உடைக்கிற ஷெட் ஒன்று பன்னிரண்டு வருஷம் நடந்தது. லைசென்ஸ் கிடையாது, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. லாரி லாரியாக வரும் செத்த பேட்டரிகளைக் கோடாலியால் பிளப்பார்கள். உள்ளே இருக்கிற ஈயத்தட்டுகளை எடுத்துக்கொண்டு, ஆசிட் தண்ணீரை ஓடை வெட்டிக் குளத்தில் விடுவார்கள். பன்னிரண்டு வருஷம்! பஞ்சாயத்துக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும், அந்த வழியாக பைக்கில் போன எனக்கும் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்குவேன், அவ்வளவுதான். ஓடை வந்து விழும் இடத்தில் குளத்தின் அடிச்சேறு கறுத்து, மேலே எண்ணெய் மாதிரி ஒரு பளபளப்பு படர்ந்து கிடந்தது. அங்கே மீன் செத்து மிதக்கும். மீன்கொத்திகூட அந்த மூலைக்குப் போகாது.

சத்தியபாயின் வீட்டுக்காரர் தங்கையன் அந்த ஷெட்டில்தான் ஒன்பது வருஷம் கோடாலி பிடித்தார். சத்தியபாயை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி இந்தக் குளக்கரைக்கு வந்தவள். முப்பது வருஷம் ஆகியும் தண்ணீரை 'வெள்ளம்' என்றுதான் சொல்வாள், கரைக்காரப் பெண்கள் கேலி செய்வார்கள். வயலில் களை பறித்தாள், நூறு நாள் வேலையில் குளங்களில் பாசி வாரினாள். ஆள் கறுப்பு, கட்டை, குரல் மட்டும் அடுத்த ஊருக்குக் கேட்கும். வேலைக்கு வந்தால் அவளோடு வாய் கொடுத்து ஜெயித்தவன் கிடையாது.

தங்கையனுக்கு முதலில் வயிறு பிடித்து இழுத்தது. பிறகு கை. மணிக்கட்டு மடங்கித் தொங்கும், நிமிர்த்த முடியாது. டீ கிளாசைப் பிடிக்க ஆகாது. ஈயம் உடம்பில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கடைசி ஒரு வருஷம் அக்காதான் அவருக்குச் சோறு ஊட்டினாள், பல் தேய்த்துவிட்டாள், எல்லாம் செய்தாள். அடக்கத்தன்றைக்கு ஷெட்டுக்காரன் ஒரு ஆள் வசம் மலர்வளையம் கொடுத்துவிட்டான். சத்தியபாய் அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, கொண்டுவந்தவன் கழுத்திலேயே மாட்டித் திருப்பி அனுப்பினாள். "ஒங்க மொதலாளிட்ட சொல்லும், அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாக்கட்டும்" என்றாளாம். சபை உபதேசியார் ஜெபத்தை எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றார்.

அதற்குப் பிறகு மனு, வழக்கு என்று போய் ஷெட்டை இழுத்துச் சாத்தினார்கள். கரையில் பதினொரு வீடு. அத்தனை வீட்டுக்கும் ஒரே ஒரு உறைக்கிணறு. அதன் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, குடிக்கக்கூடாது என்று மூடி போட்டுப் பூட்டுத் தொங்கவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு தரம் லாரியில் தண்ணீர் வந்தது. குளத்தைச் சுத்தம் செய்து கையெழுத்தாகும் வரை லாரி; கையெழுத்தானால் பூட்டைத் திறப்பார்கள். அதுதான் ஏற்பாடு.

தூர் வாரி எடுத்துவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். கலக்கினால் அடியில் படிந்து கிடக்கிற ஈயமெல்லாம் தண்ணீரில் ஏறிவிடும். அள்ளிய சேற்றைக் கொட்ட எந்த ஊர்க்காரனும் இடம் தரமாட்டான். அதனால் சேற்றை அதன் இடத்திலேயே விட்டு, மேலே சாக்கு மாதிரி நெய்த கெட்டித் துணியை விரித்து, அதன் மேல் ஒன்றரை அடிக்குச் சுத்தமான மணல் போட்டு, மணல் அரிக்காமல் இருக்கச் சரளைக்கல்லும் பரப்ப வேண்டும். விஷம் அடியிலேயே அடங்கிக் கிடக்கும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லமாட்டேன். சரியான இடத்தில் போட்டால்.

வேலை தொடங்குவதற்கு முன்னால் கறுப்புச் சேறு எங்கே, எவ்வளவு அகலத்துக்குக் கிடக்கிறது என்று வரைந்து கொடுக்கச் சொன்னார்கள். அந்தத் தண்ணீரில் இறங்க ஒருத்தனும் வரவில்லை. சத்தியபாய் வந்தாள். நாலு டிரம்மைக் கட்டிப் பலகை அடித்த மிதவையில் அவள் நின்று, அடையாளக் கோடு போட்ட இரும்புக் கம்பியைத் தண்ணீருக்குள் குத்திக் குத்திப் பார்ப்பாள். நான் பின்னால் உட்கார்ந்து எழுதுவேன். சில இடங்களில் கம்பி எட்டாமல் அவளே இறங்கிக் காலால் துழாவுவாள். கம்பெனி கொடுத்த ரப்பர் உடுப்பு இடுப்பில் ஒழுகும்.

"மணலுன்னா கம்பி கறுமுறுங்கும் சாரே. நல்ல சேறுன்னா வழுக்கிட்டு எறங்கும். இந்தச் சவத்துச் சேறு இருக்கே, கம்பியப் பிடிச்சா விடாது" என்பாள். கம்பியை உருவி முனையை முகர்ந்து பார்ப்பாள்.

ஓடை வாயைச் சுற்றி நாலு நாள் குத்திப் பார்த்தோம். கடைசியில் சொன்னாள்: "பேப்பர்ல போடுங்க சாரே. புன்னமூட்டுல இருந்து கெழக்க நாப்பது மீட்டர். அங்கன ஓடை வாயச் சுத்தி இருவது மீட்டர் அகலம். அந்த எளவு எல்லாம் இஞ்சதான் கெடக்கு. வேற எங்கயும் இல்ல."

கரையில் நின்ற புன்னைமரத்தடியை ஒரு வட்டம் போட்டு, 'புன்னை – மூடு' என்று எழுதினேன். அங்கிருந்து கிழக்கே ஒரு கோடு இழுத்து, விஷம் கிடந்த இடத்தில் இன்னொரு வட்டம் போட்டேன். கருஞ்சேறு என்று முழுசாக எழுதச் சோம்பல். 'க.சே.' என்று எழுதினேன். எங்களூரில் மூடு என்றால் மரத்தின் அடி. மாமூட்டில் உட்கார்ந்தேன் என்போம், ரெண்டு மூடு மரச்சீனிக் கிழங்கு பிடுங்கினேன் என்போம், நாகர்கோவிலில் வேப்பமூட்டில் இறங்கி பஸ் மாறுவோம். இதற்கு வெளியே அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் கிடையாது என்பது ஐம்பது வயது வரைக்கும் எனக்கு உறைத்ததில்லை.

வரைபடம் சென்னைக்குப் போனது. நான்கு மாதம் கழித்து வேலை தொடங்கியபோது கோயம்புத்தூர்க்காரரான எங்கள் மேனேஜர் கம்ப்யூட்டரில் போட்ட டிராயிங்கோடு வந்தார். கரையில் பெரிய பலகை நட்டார்கள்: 'மூடு பகுதி. இறங்காதீர்.' எங்களூரில் மனுஷனின் பின்பக்கத்துக்கும் மூடு என்றுதான் பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அதைக் கூட்டமாக நின்று வாசித்துச் சிரித்தார்கள். சத்தியபாயும் பார்த்தாள். "யார மூடு சாரே இது? மேனேஜர் மூடா?" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்த நேரத்தில் அந்தப் பலகை எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்கலாம்.

மூன்று நாள் மணல் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் மிதவையிலிருந்து கத்தினாள்.

"சாரே, இதென்ன கூத்து? புன்னமூட்டுலயா கொட்டுதாவ? எரும குளிக்க எடத்துக்கு என்னத்துக்கு மெத்த விரிக்கிய? சேறு அங்கயில்லா கெடக்கு!"

டிராயிங்கை விரித்துப் பார்த்தேன். என் புன்னைமரத்தடியில், கரையை ஒட்டின தண்ணீரில், அழகான நீலக் கட்டம், அதற்குள் அச்செழுத்தில் 'மூடு பகுதி'. அங்கே மூடச் சொல்லி நான் உத்தரவு போட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, அந்த இன்னொரு வட்டம்? 'க.சே.' என்பதை 'கரை சேருமிடம்' என்று விரித்து எழுதி, பக்கத்தில் ஒரு குட்டிப் படகுப் படமும் போட்டிருந்தார்கள். குளத்திலேயே கொடிய சேற்றின் மேல் ஒரு படகு! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"கோலப்பன், டிராயிங்க மாத்தறதுன்னா மறுபடியும் அனுமதி வாங்கோணும். ஆறு மாசம் ஆகுங்க. மணல் கொட்டறோமா இல்லியா? கொட்டறோம். தண்ணிக்கடியில எட்டிப் பார்க்க யாரு வரப்போறா?"

"சார், அங்க வெஷம் கெடக்கு. கிணறு பக்கத்துல இருக்கு."

"கெடக்குதுங்க. ஆனா தப்பு யாருதுன்னு கேள்வி வந்தா, அது உங்க கையெழுத்துல இருக்குதுங்களே" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அந்த 'ங்க'வைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றும்.

வெளியே வந்தேன். சத்தியபாய் ஈரச் சேலையோடு காத்துக்கொண்டு நின்றாள்.

"மேல எழுதிப் போட்டிருக்கேன் அக்கா. மாத்தம் வரும். இத முடிச்சிட்டு அங்க போடுவாவ" என்றேன்.

பச்சைக் கள்ளம். அவள் நம்பினாள். அதுதான் கொடுமை. ஊரில் ஒருத்தனையும் நம்பாதவள், ஷெட்டுக்காரனை, போலீசை, பஞ்சாயத்தை, உபதேசியாரைக்கூட வாயால் கிழிப்பவள், பக்கத்தில் உட்கார்ந்து எழுதினவன் என்று என்னை நம்பினாள். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் அந்தப் பிரயோஜனமில்லாத மணலை அவளே கம்பியால் குத்தி, ஒன்றரை அடி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் காலால் நிரவிவிட்டாள். "இது எரும குளிக்க எடந்தான், ஆனாலும் வேலைன்னா வேலைதானே" என்பாள். வாரத்துக்கு ஒருதரம் மாற்றம் வந்ததா என்று கேட்பாள். அடுத்த வாரம் அக்கா, அடுத்த வாரம் அக்கா என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வாய் அழுகாமல் இருந்தது ஆச்சரியம்.

அந்தச் சமயத்தில்தான் அவள் மகள் ஷைஜா பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை ஜெனித் குவைத்தில். தலைப்பிள்ளை, ஆறாம் மாதம். ஷைஜா அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஈயம் ஏற்கெனவே கூடுதல் என்றார்கள். இனி ஒரு துளிகூட உள்ளே போகக்கூடாது. தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளையின் மூளைக்குப் போகும் என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். சத்தியபாய் அதை என்னிடம் சொன்னபோது பயந்த மாதிரியே இல்லை.

"லாரி வெள்ளம் வருதுல்லா சாரே. அவ பெத்து எந்திரிக்கதுக்குள்ள அந்த மூலையயும் நாம மூடிருவோம்" என்றாள்.

நாம! நான் தலையை ஆட்டினேன்.

கடைசி ஆய்வுக்கு, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி அம்மா வந்தது போன கோடையில் ஒரு புதன்கிழமை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, அன்றைக்கு அந்தக் கரையில் ஒழுங்காகக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். பந்தலுக்கடியில் நாற்காலி, இளநீர், மேசைவிரிப்பு. காலையிலேயே மேனேஜர் என் தோளில் கைபோட்டு, அடுத்து ஒரு துறைமுக வேலை இருக்கிறது, உங்களைத்தான் போடப்போகிறேன் என்றார். நீலக் கட்டத்துக்குள் பத்து இடத்தில் சத்தியபாய் குழாயை இறக்கி மாதிரி எடுத்தாள். பத்திலும் பளிச்சென்று மணல். அதிகாரி அம்மா திருப்தியாகப் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியிருக்க வேண்டும். மிதவையிலிருந்து என்னைப் பார்த்தாள். "மாத்தம் வந்தாச்சா சாரே?" என்று அங்கிருந்தே கேட்டாள். நான் கையிலிருந்த இளநீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மிதவையைக் கிழக்கே தள்ளினாள். ஓடை வாயில் இறங்கி முங்கினாள். மேலே வந்தபோது பெயிண்ட் வாளி நிறையக் கறுப்பு.

அதைக் கொண்டுவந்து மேசைக்கு முன்னால் வைத்தாள். அழுகின முட்டையும் ஆசிட்டும் சேர்ந்தடிக்கிற அந்த நாற்றம் பந்தலுக்குள் ஏறியது. இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர் எழுந்து ஓடி வாந்தி எடுத்தார். சத்தியபாயின் முழங்கை வரைக்கும் பளபளவென்று கறுத்திருந்தது.

"மேடம், நீங்க பாத்த மணலு புன்னமூட்டுல. வெஷம் கெடக்கது அதுக்கு கெழக்க நாப்பது மீட்டர். அங்க ஒரு கூடை மணலு போடல்ல. இதுக்கு மேலயா கையெழுத்து போடப் போறிய?"

அதிகாரி அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. மேனேஜரிடம் விளக்கம் கேட்டார். மேனேஜர் தயாராக இருந்தார். நான் பென்சிலால் வரைந்த பழைய தாளையே எடுத்து நீட்டினார்.

"உள்ளூர் சூப்பர்வைசர் போட்டுக் குடுத்ததுங்க மேடம். இந்த இடத்துலதான் மூடுன்னு தெளிவா எழுதியிருக்காருங்க."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்த அம்மா புன்னைமூடுங்கறாங்க, மரத்தைக் காட்டறாங்க. உங்க ஊர்ல மூடுன்னா மரத்தடியா? நீங்கதானே எழுதினீங்க, நீங்களே சொல்லுங்க. மூடுன்னா என்ன?"

இவ்வளவுதான் கேள்வி. இரண்டு வயசுப் பிள்ளைக்குப் பதில் தெரியும். என் அம்மா எனக்குச் சோறு ஊட்டும்போது சொல்லித் தந்த சொல். மேனேஜர் என்னையே பார்த்தார். தப்பு என்னுடையது என்று எழுதி வைப்பார்கள், இத்தனை வருஷப் பெயர் போய்விடும், இனி ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிடமாட்டான். இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது. ஷைஜாவின் முகம் ஓடியதா என்றால், இல்லை. ஓடவில்லை.

"மூடுன்னா மூடுறதுதான் மேடம். அந்த எடத்தத்தான் மூடச் சொன்னேன்" என்றேன்.

"அந்த ஓடைப் பக்கம்?"

"அங்க லேசாத்தான் மேடம்."

பந்தலில் கரைக்காரர்கள் இருபது பேர் நின்றார்கள். லாரித் தண்ணீருக்குக் கால் கடுக்க நின்று அவர்களுக்கு அலுத்து மடுத்துப் போயிருந்தது. எப்போது பூட்டைத் திறப்பார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தியபாய் மட்டும் என் அருகில் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். சின்னக் குரலில் கேட்டாள்.

"சாரே, நாகர்கோயிலு போனா எங்க எறங்கி பஸ் மாறுவிய? வேப்பமூட்டுலதானே?"

"ஊர்ப் பேரும் இதும் ஒண்ணாம்மா?" என்று மேனேஜர் சிரித்தார். அதிகாரி அம்மா தாளை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்த வாளியை எடுத்துப் போகச் சொன்னார்.

சத்தியபாய் வாளியை எடுத்து மிதவையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஓடை வாயில் தண்ணீருக்குள் வாளியோடு இறங்கி, ஒரு சொட்டுக் கலங்காதபடி மெதுவாக அடியில் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். அந்தக் கோபத்திலும் அவளுக்கு அந்தக் கவனம் இருந்தது. நான் இளநீரைக் குடித்தேன். குடித்தேன் என்றுதான் எழுத வேண்டும், குடித்தேனே.

வியாழக்கிழமை லாரி வரவில்லை. பஞ்சாயத்து ஆட்கள் வந்து கிணற்றின் பூட்டை உடைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு தரம் இறைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு ஜெபகுமாரிதான் முதல் குடம் எடுத்தாள்.

"ஏட்டி, எடுக்காத. பிள்ளையளுக்குக் குடுக்காத" என்று சத்தியபாய் வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"போங்க சித்தி. கவர்மெண்டு கையெழுத்து போட்டாச்சு. ஓவர்சியர் சாரே சொன்னாருல்லா, அங்க லேசாத்தான்னு" என்று ஜெபகுமாரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஷைஜாவுக்குக் கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் நானே போன் செய்து, வெட்கமில்லாமல் அதையே கேட்டேன். "எனக்க மவளுக்கு வாங்கலாம். ஜெபகுமாரிக்க மூணு பிள்ளையளுக்கு யாரு வாங்குவா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் கூப்பிட்டு, கரையில் மிச்சம் கிடக்கிற மணலை லாரியில் ஏற்றச் சொன்னார். கிணற்றிலிருந்து இருபது அடி தூரத்தில் ஒரு பெரிய குவியல் கிடந்தது, சலித்த நல்ல மணல். நான் போய்ச் சேரும்போது பத்து மணி. குவியலின் ஒரு பக்கம் குழிந்திருந்தது. சத்தியபாய் கூடையில் மணலை நிரப்பி, தலையில் வைத்து, கிணற்றுக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

உறைக்கிணறு, மூன்றடி அகலம்தான். அது கோடைக்காலம், ஆறடித் தண்ணீர்கூட இல்லை. விடியற்காலையிலேயே தொடங்கியிருக்கிறாள். தண்ணீர் தெரியவில்லை, மணல்தான் தெரிந்தது. ஜெபகுமாரி மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கெட்ட வார்த்தையில் ஏசினார்கள். ஒருத்தர் போலீசுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போய்த் தடுக்க ஒருத்தருக்கும் தைரியமில்லை. ஷைஜா வாசல்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிணறு தூர்ந்துவிட்டது. பதினொரு வீட்டுக்கும் தண்ணீருக்கு வேறு வழியே இல்லை என்றானபின், நாலாம் நாள் லாரி திரும்பி வந்தது. இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. பொதுக்கிணற்றை நாசம் செய்ததாக சத்தியபாய் மேல் வழக்கு இருக்கிறது. மாதம் ஒருதரம் கோர்ட்டுக்குப் போய் வருகிறாள். ஷைஜாவுக்குப் பெண் குழந்தை. தலை நிற்கிறது, ஆளைப் பார்த்துச் சிரிக்கிறது என்று கேள்வி. மூடு என்ற சொல்லுக்கு எங்களூரில் என்ன அர்த்தம் என்று நான் பிறகு அதிகாரி அம்மாவுக்கு எழுத்தில் கொடுத்தேன், வேலையும் போனது. ஆனால் அந்தக் கடிதம் இரண்டு மாதம் பிந்திப் போனது. இன்னும் பதில் இல்லை. கறுப்புச் சேறு ஓடை வாயில் திறந்தே கிடக்கிறது. இதையெல்லாம் சொன்னால் நான் ஏதோ திருந்திவிட்ட மாதிரி இருக்கிறது. அதனால் அந்த வெள்ளிக்கிழமையை முடித்துவிட வேண்டும்.

போன் அடித்தது, மேனேஜர். எடுக்கவில்லை. சட்டையைக் கழற்றி பைக்கில் போட்டேன். பக்கத்தில் கிடந்த இன்னொரு கூடையை எடுத்து, குவியலில் மண்டியிட்டு, கையாலேயே மணலை வாரி நிரப்பினேன். தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் நின்றேன். அவள் வெறும் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் மணல், உதடு வெடித்திருந்தது.

"அக்கா, நானும் போடுதேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையைத்தான் பார்த்தாள். தன் கூடையைக் கீழே வைத்துவிட்டு, என் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து என் கூடையை வாங்கினாள். கிணற்றில் போடப்போகிறாள் என்று நினைத்து ஒரு அடி விலகி நின்றேன். அவள் கிணற்றைத் தாண்டி நடந்தாள். வேலியோரம் சாக்கடை ஓடுகிற இடத்துக்குப் போய், அந்த மணலை அதில் கவிழ்த்தாள். கூடையின் அடியில் இரண்டு தட்டுத் தட்டி, ஒட்டியிருந்ததையும் உதிர்த்தாள். பிறகு குவியலின் மறுபக்கம் போய்க் குனிந்து, தன் கையால் வாரி நிரப்பி, கொண்டுவந்து கிணற்றில் போட்டாள். மத்தியானம் போலீஸ் வரும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். நான் கை வைத்த பக்கத்து மணலை அவள் தொடவே இல்லை.